“சூப்பர்” என்று போடாதீர்கள், வந்து பாருங்கள்

அன்பான என் மாணவச் செல்வங்களே, உறவுகளே,

ஓய்வு பெற்றதிலிருந்து இந்தப் பக்கத்தில் பிறந்தநாள் வாழ்த்தும் இரங்கல் செய்தியும்தான் போட்டுக்கொண்டிருந்தேன். இன்று கோபமாக ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. நீளமாகத்தான் இருக்கும். என் வகுப்பில் நாற்பது நிமிஷம் உட்கார்ந்தவர்கள்தானே நீங்கள், ஒரு கால்மணி நேரம் உட்காருங்கள். யார் பெயரையும் சொல்லப்போவதில்லை. யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

விஷயம் இதுதான். நம்ம சங்கரன்கோவிலிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் படம் வரைகிறவர்கள் பதினொரு பேர் இரண்டு வருஷமாக ஒன்று கூடிக்கொண்டிருக்கிறார்கள். பழைய போர்டு எழுதும் ஆள் ஒருவர், ஆட்டோ ஓட்டுகிறவர் ஒருவர், கோயில் சுதைச் சிற்பங்களுக்கு வர்ணம் அடிக்கிறவர், ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர், ஸ்டுடியோவில் வேலை பார்க்கிற பையன், காலேஜ் பிள்ளைகள் மூன்று பேர், இப்படி. இரண்டாவது ஞாயிறும் நான்காவது ஞாயிறும் ஒருத்தர் வீட்டுக்கு மற்றவர்கள் போவார்கள். அந்த வீட்டுக்காரர் வரைந்துகொண்டிருப்பதைச் சுவரில் சாய்த்து வைப்பார். எல்லோரும் பார்ப்பார்கள், பேசுவார்கள். மதுரையிலோ திருநெல்வேலியிலோ கண்காட்சி என்றால் சேர்ந்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். சங்கம் இல்லை, தலைவர் இல்லை, ரசீது புத்தகம் இல்லை. டீச்செலவு அந்தந்த வீட்டுக்காரருடையது.

இவர்கள் இந்த ஆடித்தபசு சமயத்தில் இரண்டு நாள் நம்ம ஊரில் ஒரு கண்காட்சி வைக்கலாம் என்று ஆசைப்பட்டார்கள். மண்டபம் கேட்டு அலைந்தார்கள். கிடைக்கவில்லை. கடைசியில், “டீச்சர், உங்க சொந்தக்காரங்க பொறுப்பில் ஒரு மண்டபம் இருக்குல்லா, நீங்க ஒரு வார்த்தை கேளுங்க” என்று என்னிடம் வந்தார்கள். கேட்டேன். எனக்குக் கிடைத்த பதிலை அப்படியே எழுதுகிறேன்:

“மதினி, நீங்க கல்யாணத்துக்குக் கேட்டா இன்னைக்கே சாவி தாரேன். படம் மாட்டணும்னா சுவத்துல ஆணி அடிப்பாங்க. அதும் போக, இதையெல்லாம் பாக்க யாரு வருவா? போன்ல ஸ்டேட்டஸ் போட்டா நாங்க பாத்துக்க மாட்டோமா?”

இந்தக் கடைசி வரிக்குத்தான் இந்தப் பதிவு.

போனில் பார்த்துக்கொள்கிறோம் என்கிறீர்களே, நீங்கள் பார்ப்பது எப்படி என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். அந்தப் பதினொரு பேரில், போர்டு எழுதினவர் என்றேனே, அவன் என் மாணவன். 90-களின் தொடக்கத்தில் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். சில மாதங்களுக்கு முன் அவன் ஒரு படத்தைப் பேஸ்புக்கில் போட்டான். ராத்திரி நேரம், டியூப்லைட் வெளிச்சம், விசைத்தறி, தறிக்கு முன்னால் அவன் அம்மா குனிந்து அறுந்த பாவு நூலை எடுக்கிறாள். 214 லைக். 63 கமெண்ட். உட்கார்ந்து எண்ணினேன். “சூப்பர்”, “செம”, “வேற லெவல்”, கும்பிடுகிற கை, நெருப்பு, இதயம். அதில் ஒன்று என்னுடையது: “அருமை தம்பி, வாழ்க வளர்க.” சமையலுக்கு நடுவே, குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும் முன் போட்டது.

அடுத்த ஞாயிறு அவன் வீட்டு முறை. நானும் போனேன். அந்தப் படம் நாலடிக்கு ஐந்தடி என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அவன் கேன்வாஸ் வாங்கவில்லை. பழைய பிளெக்ஸ் பேனரின் பின்பக்கத்தில் எனாமல் பெயிண்டில் வரைந்திருந்தான். எந்த பிளெக்ஸ் வந்து அவன் பிழைப்பைப் பறித்ததோ, அதன் முதுகில். எங்கள் போனில் இந்த விஷயம் தெரிந்ததா?

பத்துப் பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்கள். அப்புறம் ஆட்டோக்காரர் கேட்டார்: “லைட் மேல இருந்துதான வருது, நிழல் ஏன் பக்கத்துல விழுது?” டிராயிங் மாஸ்டர் சொன்னார்: “பாவுக்கும் சேலைக்கும் ஒரே வெள்ளையைப் போட்டிருக்க. எது நூல், எது துணின்னு பிரியலையே.” அவன் தலையாட்டிக்கொண்டே நின்றான். அப்போது டீ கொண்டுவந்த அவன் அம்மா டம்ளர் தட்டோடு நின்று பார்த்தாள். நாற்பது வருஷம் தறி ஓட்டினவள். தன்னைத்தான் வரைந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். சொன்னாள்:

“ஏல, நூல் அறுந்தா முடிச்சுப் போட ரெண்டு கையும் வேணும்லா? இந்தக் கை என்ன சும்மா தொங்குது? தறியில சும்மா தொங்குற கை கிடையாதுல.”

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. 214 லைக்கில் வராத முகம். இரண்டு வாரம் கழித்து அந்தக் கையை மறுபடி போட்டிருந்தான். கை மாறியதும் தோள் மாறியது, தோள் மாறியதும் அவள் குனிந்திருக்கிற விதமே மாறியது. முன்னால் அது ஒரு பாவப்பட்ட அம்மா படமாக இருந்தது. இப்போது வேலை தெரிந்த ஒருத்தியின் படமாக இருக்கிறது.

63 பேர் பாராட்டினோம். ஒருத்தர்கூட அந்தக் கையைப் பார்க்கவில்லை. நம்ம ஊரில் பாதி வீட்டில் தறியோடு ஏதாவது ஒரு தொடர்பு உண்டு. நம் கண்ணுக்கே தெரியவில்லையென்றால் நாம் பார்த்தோம் என்று எப்படிச் சொல்வது? “சூப்பர்” என்பது பல நேரங்களில் “சரி, போய் வா” என்று மரியாதையாகச் சொல்வதுதான்.

இப்போது நீங்கள் சொல்லப்போகிற பதில்கள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக வருகிறேன்.

முதல் பதில்: “டீச்சர், படம் வரைஞ்சா சோறு போடுமா?”

இங்கிருந்து கழுகுமலை வழியாக ஒன்றரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய கோவில்பட்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்கள் தாத்தா பாட்டி வீட்டுப் பூஜையறையில் இருந்த காலண்டர் சாமி படத்தை நினைத்துப் பாருங்கள். லட்சுமி, முருகன், மீனாட்சி கல்யாணம், கஜேந்திர மோட்சம். அவற்றில் நிறையப் படங்கள் கோவில்பட்டியில் வரையப்பட்டுச் சிவகாசியில் அச்சானவை. வரைந்தவர் சி. கொண்டையராஜு. 1898-இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதும் வேலைக்குப் போனார். அந்தக் கம்பெனி வாழ்க்கை முடிந்த பிறகு 1940-களில் கோவில்பட்டியில் தங்கி ஸ்டுடியோ போட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவரைச் சுற்றி டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் என்று சீடர்கள் சேர்ந்தார்கள். 1976-இல் அவர் இறக்கும்வரை அது ஒரு குடும்பம் மாதிரி நடந்தது.

அந்தப் படங்கள் சிலவற்றில் கீழே ஓரத்தில் பார்த்தால் கொண்டையராஜு, சுப்பையா என்று இரண்டு பெயரும் சேர்ந்தே இருக்கும். குருவும் சீடனும் ஒரே படத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒருவர் வரைய இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்க்காமல் இது நடக்குமா? தென்னிந்தியாவின் எத்தனையோ வீட்டுச் சுவர்களுக்குச் சாமி முகம் கொடுத்தது கரிசல் பூமியில் ஒரு ஸ்டுடியோவில் கூடின சில பேர். அவர்களைப் பார்த்தும் யாராவது, “இது சோறு போடுமா” என்று கேட்டுத்தான் இருப்பார்கள். சிவகாசி அச்சகங்களும் காலண்டர் கம்பெனிகளும் எத்தனை குடும்பத்துக்குச் சோறு போட்டன என்பதை நான் சொல்லவா வேண்டும்?

நம்ம வீட்டுச் சங்கரநாராயணர் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வலது பாதி சிவன், இடது பாதி திருமால். ஒரு பக்கம் சடை, ஒரு பக்கம் கிரீடம். இரண்டும் ஒரே முகத்தில் சேர வேண்டும், பார்ப்பவருக்கு உறுத்தக் கூடாது. யாரோ ஒருவர் உட்கார்ந்து, அழித்து அழித்து, பக்கத்தில் இருப்பவரிடம் “சரியா இருக்கா” என்று கேட்டு அதைத் தீர்த்திருக்கிறார். ஐம்பது வருஷமாகச் சூடம் காட்டுகிறோம். கீழே பெயர் இருக்கிறதா என்று ஒரு நாளாவது பார்த்தோமா?

இன்னொரு உதாரணம், சென்னையிலிருந்து. சென்னை ஓவியப் பள்ளி 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. மெரினா கடற்கரை உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அங்கே முதல் இந்திய முதல்வர். அவரிடம் படித்தவர் கே.சி.எஸ். பணிக்கர். 1944-இல் நண்பர்களோடு சேர்ந்து முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1957-இல் அந்தப் பள்ளிக்கே முதல்வரானார். அவர் கண்ட உண்மை கசப்பானது. பிள்ளைகள் நன்றாக வரைகிறார்கள், படிப்பை முடிக்கிறார்கள், அப்புறம் வயிற்றுக்காக ஏதோ ஒரு ஆபீஸில் காணாமல் போய்விடுகிறார்கள்.

அவர்கள் என்ன செய்தார்கள்? மெழுகு வைத்துச் சாயம் தோய்க்கிற பாத்திக் துணி செய்தார்கள். கைவினைப் பொருள்கள் செய்து விற்றார்கள். அந்தக் காசைச் சேர்த்து 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் கடற்கரையோரம் மணல் காட்டில் நிலம் வாங்கினார்கள். அதுதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம். பகலில் கைத்தொழில், மற்ற நேரத்தில் தன் ஓவியம். பக்கத்து வீட்டுக்காரனும் ஓவியன். ஒருத்தன் கேன்வாஸில் என்ன நடக்கிறது என்று இன்னொருத்தன் எட்டிப் பார்க்கலாம். சுல்தான் அலி, எஸ்.ஜி. வாசுதேவ், சேனாதிபதி, கோபிநாத், நந்தகோபால் என்று இந்திய அளவில் பெயர் வாங்கியவர்கள் அங்கே இருந்து வேலை செய்தவர்கள். அரசாங்கம் கட்டிக்கொடுத்த ஊர் அல்ல அது. துணி விற்ற காசு.

ஆகவே, சோறு போடுமா என்ற கேள்விக்கு என் பதில்: தனியாக விட்டால் பெரும்பாலும் போடாது. கூடினால் வழி பிறக்கிறது. எல்லோருக்கும் பிறக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். சோழமண்டலத்திலேயே கே. ராமானுஜம் என்று ஒரு அபூர்வமான ஓவியர் இருந்தார். பேசச் சிரமப்பட்டவர், மனத்தால் கஷ்டப்பட்டவர். பணிக்கர்தான் அவர் கையை அடையாளம் கண்டு சேர்த்துக்கொண்டார். கனவு ஊர்களாக வரைந்து தள்ளினார். 1973-இல் இளம் வயதிலேயே தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். கூட்டம் எல்லாத் துக்கத்தையும் தீர்த்துவிடாது. ஆனால் அந்தக் கூட்டம் இல்லாமல் போயிருந்தால் அவர் வரைந்த படங்கள் இந்த உலகத்துக்குக் கிடைத்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

அதுவும் போக, இந்தக் கேள்வியை ஏன் படத்திடம் மட்டும் கேட்கிறீர்கள்? பிள்ளையைக் கிரிக்கெட் கோச்சிங்குக்கு அனுப்பும்போதும், கீபோர்டு கிளாஸுக்கு அனுப்பும்போதும் கேட்டதில்லையே.

இரண்டாவது பதில்: “எல்லாம் போன்ல வருது டீச்சர். உலகத்துல இருக்கிற ஓவியமெல்லாம் வீட்டுல இருந்தே பாக்கலாம். இப்ப கம்ப்யூட்டரே படம் போட்டுத் தருது.”

பார்க்கலாம், மறுக்கவில்லை. நானும் பார்க்கிறேன். ஆனால் போன் உங்களுக்கு எல்லாப் படத்தையும் உள்ளங்கை அளவாக்கித் தருகிறது. குற்றாலம் சித்திரசபைக்கு எத்தனை சீசன் போயிருப்பீர்கள்? அருவியில் குளித்துவிட்டு, பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வந்திருப்பீர்கள். சித்திரசபைக்குள்ளே நுழைந்து, சுவர் முழுக்க இருக்கிற மூலிகை வர்ண ஓவியங்களை அண்ணாந்து பார்த்தவர்கள் கை தூக்குங்கள். சேர்ந்தமரம் பக்கம் திருமலாபுரத்துக் குடைவரையில் பாண்டியர் காலத்து ஓவியத்தின் மிச்சம் இருக்கிறது என்று உங்கள் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறீர்களா? ஓவியம் என்றால் எங்கோ பாரிஸில் இருக்கிறது என்று நினைக்கிறோம். நாம் பைக்கில் போகிற தூரத்தில் சுவர் நிற்கிறது.

போனில் இருப்பது படத்தின் போட்டோ. நமக்குத் தெரிந்தவன் நம் கண்ணெதிரே வரைவதைப் பார்ப்பது வேறு. கிராவோடு ஆதிமூலம் சேர்ந்த கதை உங்களில் சிலருக்குத் தெரியும். இடைசெவல் கி. ராஜநாராயணன் ஜூனியர் விகடனில் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ எழுதியபோது படம் போட்டவர் கே.எம். ஆதிமூலம். அவரும் சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் நம் பெரியவர்களின் முகச்சுருக்கம் அழகு என்று எனக்கே தெரிந்தது. சிறுபத்திரிகைக்காரர்களோடும் எழுத்தாளர்களோடும் கூடிப் பழகின ஓவியர் அவர். எழுதுகிறவனும் வரைகிறவனும் ஒருத்தர் திண்ணையில் ஒருத்தர் உட்கார்ந்தால்தான் இந்த மாதிரி ஒன்று நடக்கும்.

கம்ப்யூட்டர் போடுகிற படத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். தறியில் சும்மா தொங்குகிற கை கிடையாது என்று அதற்கு யார் சொல்லிக் கொடுப்பது? அதைத் தெரிந்தவள் நம்ம ஊரில்தான் டீத்தட்டோடு நிற்கிறாள்.

மூன்றாவது பதில் யாரும் வெளியே சொல்வதில்லை. மனசுக்குள் இருக்கிறது: “இவன் யாரு பெரிய ஓவியனா? நம்ம தெருப் பையன்தானே.” இதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான் வேலைக்கு வந்தது 1982-இல். ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குக் கரும்பலகைச் சித்திரம், துணைக்கருவி செய்தல் எல்லாம் உண்டு. ஓவியம் எதற்கு என்று பக்கம் பக்கமாகத் தேர்வில் எழுதி மார்க் வாங்கியவள்தான் நான். பள்ளிக்கூடத்துக்கு வந்ததும் என்ன செய்தேன் தெரியுமா? வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் ஓவியம். வருஷக்கணக்காக அதை நான் கணக்குக்கு எடுத்துக்கொண்டேன். அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் அந்தப் பையன் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தறி வரைந்துகொண்டிருந்தான். பத்து வயது. நாடா, பலகை, கயிறு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. நான் அந்தப் பக்கத்தைக் கிழித்து, வகுப்பு முன்னால் தூக்கிக் காட்டி, “இதுக்கு எத்தனை மார்க் போடலாம்?” என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வகுப்பில் இருந்தவர்கள் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, அவனுக்கு இருக்கிறது. அன்றைக்கு அவன் வீட்டுக்குப் போனபோது, “டீச்சர், அந்தத் தறிதான் இந்தத் தறி” என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குத்தான் அங்கே உட்கார முடியவில்லை.

அவன் பத்தாவதோடு நின்று போர்டு எழுதப் போனான். கடைப் பெயர்ப்பலகை, சுவர் விளம்பரம், தேர்தல் நேரத்தில் சின்னம். நல்ல கை. 2000-க்குப் பிறகு பிளெக்ஸ் வந்தது. ஒரே ராத்திரியில் பத்தடி பேனர் அடித்துத் தருகிறது. அதற்கப்புறம் அவனைத் தேட ஆள் இல்லை. திருப்பூர் போனான், திரும்பி வந்தான். இப்போது வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறான். ராத்திரி வரைகிறான். இப்படி ஒருவன் நாற்பது வயது தாண்டியும் வரைவதை விடவில்லை என்றால், அவனை “நம்ம தெருப் பையன்தானே” என்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

என் கதை பழையது என்று நினைக்காதீர்கள். இன்றைக்குப் பள்ளிகளில் என்ன நிலைமை? 2012-இல் அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, தையல் மாதிரிப் பாடங்களுக்கு 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். வாரத்தில் மூன்று அரைநாள். ஆரம்பச் சம்பளம் 5,000 ரூபாய். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். நிரந்தரம் கேட்டு வருஷக்கணக்காகச் சென்னையில் போய் உட்கார்ந்து போராடினார்கள். அரசாங்கத்தின் கணக்கில் ஓவியம் அரைநாள் விஷயம். அரசுக் கவின்கலைக் கல்லூரி மாநிலத்துக்கே இரண்டு, ஒன்று சென்னையில், ஒன்று கும்பகோணத்தில். நம்ம பிள்ளை ஒன்று அங்கே படிக்க வேண்டுமானால் பொதிகை எக்ஸ்பிரஸில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஏற வேண்டும். அதற்கு எத்தனை வீட்டில் சம்மதிப்பார்கள்? இந்த நிலைமையில் பதினொரு பேர் தாங்களாகவே ஒரு பள்ளிக்கூடம் மாதிரி மாற்றி மாற்றி வீடு வீடாகப் போய்ப் படித்துக்கொள்கிறார்கள் என்றால், ஊர் அவர்களுக்கு இரண்டு நாள் கூரை தரக் கூடாதா?

அந்தப் பதினொரு பேரையும் நான் சும்மா விடப்போவதில்லை. தம்பிகளா, உங்களுக்கும் இரண்டு இருக்கிறது.

ஒன்று, உங்களுக்குள்ளேயே சில பேர் “சூப்பர்” வியாதியில் விழுந்திருக்கிறீர்கள். பெரியவர் படம் என்றால் குறை சொல்வதில்லை. சொன்னால் அடுத்த ஞாயிறு வருவதில்லை. அந்த ஆட்டோக்காரர் நிழலைப் பற்றிக் கேட்டதற்கு ஒருத்தர் மூஞ்சியைத் தூக்கினது எனக்குத் தெரியும். குறை கேட்கப் பொறுமை இல்லை என்றால் நீங்களும் போனிலேயே இருந்துகொள்ளலாம், டீச்செலவாவது மிச்சம்.

இரண்டு, பதினொரு பேரில் பெண் ஒருத்திதான். அது எப்படி? இந்த ஊரில் மார்கழி முப்பது நாளும் தெருவில் உட்கார்ந்து கோடு போடுவது யார்? என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி அரசு தொழில்நுட்பத் தேர்வில் ஓவியம் ஹையர் கிரேடு பாஸ் பண்ணினாள். கல்யாணத்துக்கு அப்புறம் பன்னிரண்டு வருஷமாகப் பிரஷ்ஷைத் தொடவில்லை. “நேரம் இல்ல டீச்சர்” என்கிறாள். அவள் புருஷனும் என் மாணவன்தான். ஐயா, நீ இதைப் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். மாதத்தில் இரண்டு ஞாயிறு சாயங்காலம் பிள்ளைகளை நீ பார்த்துக்கொண்டால் என்ன குறைந்துபோகும்?

கழுகுமலைக்கு எல்லோரையும் ஒரு தடவையாவது நான் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வேலை. மலையை மேலிருந்து கீழே குடைந்து செதுக்கிய வெட்டுவான் கோயில், பாதியில் நின்றுபோனது. மேலே பாறையில் சமணச் சிற்பங்கள். அங்கே ஒரு கதை சொல்வார்களே, ஞாபகம் இருக்கிறதா? அப்பன் ஒரு சிற்பி, மகன் ஒரு சிற்பி. இரண்டு பேரும் பிரிந்து, ஒரே மலையில் அப்பன் ஒரு பக்கமும் மகன் ஒரு பக்கமும் செதுக்குகிறார்கள். பார்த்து வந்தவர்கள் மகனுடைய வேலையை ஆகா ஓகோ என்று அப்பன் காதுபடப் புகழ்கிறார்கள். அப்பனுக்குப் பொறாமை. சுத்தியலை வீசுகிறான். மகன் செத்துப்போகிறான். கோயில் முடியாமல் நின்றுவிடுகிறது.

சரித்திரம் அல்ல, கதைதான். வகுப்பில் நான் இதைப் பொறாமை கெட்டது என்று நீதி சொல்லி முடித்துவிடுவேன். இப்போது யோசித்தால் வேறு ஒன்று தோன்றுகிறது. ஒரே மலையில் இருந்துகொண்டு ஒரு நாளாவது அப்பன் இறங்கி வந்து மகன் வேலையைப் பார்த்திருந்தால்? “இந்த யாளி நன்னா வந்திருக்கு, இந்த இடத்தில் உளி அழுந்திப்போச்சு” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? அவன் காதுக்கு வந்தது ஊரார் புகழ்ச்சி மட்டும்தான். வெறும் புகழ்ச்சி செதுக்குகிறவனுக்கும் உதவவில்லை, கேட்டவனுக்கும் உதவவில்லை.

சரி, திட்டி முடித்துவிட்டேன். இனி வீட்டுப்பாடம்.

மண்டபப் பொறுப்பாளர்களுக்கு: ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது. நம்ம ஊரில் ஒவ்வொரு சமுதாயத்துக்கும் ஒரு மண்டபம் இருக்கிறது. ஆடி முழுக்கப் பூட்டித்தான் கிடக்கிறது. அதே ஆடியில்தான் தபசுக்கு வெளியூர் ஜனமெல்லாம் நம்ம ஊருக்கு வந்து, வெயிலில் உட்கார நிழல் இல்லாமல் தேரடியில் நிற்கிறது. பூட்டின மண்டபம் ஒரு பக்கம், நிழல் தேடுகிற ஜனம் ஒரு பக்கம். இரண்டு நாள் திறந்துவிட்டால் என்ன? ஆணி அடிக்க மாட்டார்கள், நான் பொறுப்பு. மூங்கில் ஊன்றிக் கயிறு கட்டித் தொங்கவிடுவார்கள். கரண்ட் பில்லும் கூட்டுகிற கூலியும் என் பென்ஷனிலிருந்து தருகிறேன்.

என் மாணவர்களில் ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கு: ஓவியப் பீரியடைத் தொடாதீர்கள். நான் செய்ததைச் செய்யாதீர்கள். முடிந்தால் இந்தப் பதினொரு பேரில் ஒருத்தரை ஒரு நாள் வகுப்புக்குக் கூப்பிட்டு, பிள்ளைகள் முன்னால் வரையச் சொல்லுங்கள்.

கடை வைத்திருப்பவர்களுக்கு: காதுகுத்துக்கும் பூப்புனித நீராட்டுக்கும் ஆயிரம் ரூபாய்ப் பக்கம் செலவழித்து பிளெக்ஸ் வைக்கிறீர்கள். மூன்றாம் நாள் அது ஆட்டுக்கொட்டகைக்குக் கூரை. வருஷத்தில் ஒரே ஒரு பலகையைக் கையால் எழுதச் சொல்லி வையுங்கள். உங்கள் பேரன் காலம்வரை நிற்கும்.

மற்ற எல்லோருக்கும்: அடுத்த நான்காவது ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்குச் சுதை வர்ணக்காரர் வீட்டு முறை. என்னைக் கேட்டால் வழி சொல்கிறேன். வந்து படத்துக்கு முன்னால் ஐந்து நிமிஷம் பேசாமல் நில்லுங்கள். அப்புறம் மூன்றே மூன்று சொல்லுங்கள். என்ன பார்த்தீர்கள், உங்கள் கண் எங்கே தடுக்கியது, என்ன கேட்கத் தோன்றுகிறது. ஓவியம் தெரியாதே என்று கூச்சப்பட வேண்டாம். உங்களுக்குத் தறி தெரியும், மாடு தெரியும், எலுமிச்சைத் தோட்டம் தெரியும், பூ கட்டத் தெரியும். அவர்கள் வரைவது அதைத்தான்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் தபசுக்கு ஊருக்கு வருவீர்கள் அல்லவா? புற்றுமண் எடுத்துக்கொண்டு, பிரியாணி சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறுவீர்கள். இந்தத் தடவை அதற்கு நடுவில் ஒரு மணி நேரம் எனக்குக் கொடுங்கள். டீச்சர் கேட்கிறேன்.

மண்டபம் கிடைக்காவிட்டால் என் வீட்டு மாடியில் வைப்போம். தகரக் கூரைதான், சூடாகத்தான் இருக்கும். அந்தத் தறிப் படத்தை முதலில் மாட்டுவேன். அதற்குப் பக்கத்தில், முப்பது வருஷத்துக்கு முன் நான் கிழித்த பக்கத்துக்காக ஒரு இடத்தைச் சும்மா விடுவேன்.

கடைசியாக ஒன்று. இந்தப் பதிவுக்குக் கீழே யாராவது “சூப்பர் டீச்சர்” என்று போட்டீர்களோ, வீட்டுக்கே வந்து காதைத் திருகுவேன். வருகிறேன் என்று மட்டும் போடுங்கள். போட்டுவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்